தீ அபாயம்: மிக அதிகம்

தெருவோரம் தொழில் செய்யச் சான்று பெற்ற ஒருவரை அவருக்குக் குறிக்கப்பட்ட இடத்திலிருந்து அகற்ற வேண்டுமானால், முப்பது நாள் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். அவருடைய பொருள்களை எடுத்துக்கொண்டு போனால், எடுத்தவற்றுக்குப் பட்டியல் போட்டு, கையெழுத்திட்டு, அவர் கையில் தர வேண்டும். இது என் சொந்த அபிப்பிராயம் அல்ல. நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம். அரசு அலுவலகத்தில் கோப்புகளோடு குடித்தனம் நடத்தி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சொல்கிறேன்: அது தெளிவாகவே எழுதப்பட்டிருக்கிறது. படித்தும் புரியவில்லை என்று யாரும் தப்பிக்க முடியாது. படிக்கவில்லை என்றுதான் தப்பிக்க வேண்டும்.

அடையாறில் நாங்கள் குடியிருக்கும் குறுக்குத் தெருவில், எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தின் வாசலை ஒட்டி ஒரு தூங்குமூஞ்சி மரம் நிற்கிறது. அதன் நிழலில் ஓர் அம்மா இஸ்திரி வண்டி வைத்திருந்தார். நாங்கள் இங்கே குடிவருவதற்கு முன்பிருந்தே அவர் அங்கே இருந்தார். தெருவோர வியாபாரிகளைக் கணக்கெடுக்க வந்தபோது அவருக்காகப் படிவம் நிரப்பியது நான்தான். சான்றும் வந்தது. அதிலிருந்த புகைப்படத்தில் அவர் சாயலில் வேறு யாரோ இருந்தார்கள். ஆனால் இடம் சரியாகக் குறிப்பிடப்பட்டிருந்தது. அரசாங்கத்திடம் அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது.

மரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு காலி மனை. அண்ணன் தம்பி வழக்கில் வருஷக்கணக்காகக் கிடக்கிறது. ஐப்பசி மழையில் புல் இடுப்பளவு வளரும், தையில் மஞ்சளாகும், பங்குனியில் தொட்டால் நொறுங்கும். அதை வெட்டச் சொல்லி நான் எழுதாத அலுவலகம் இல்லை. தனியார் மனை, உரிமையாளர் யார் என்பதே வழக்கில் இருக்கிறது, எனவே நோட்டீஸை யாருக்கு அனுப்புவது என்று என்னையே திருப்பிக் கேட்டார்கள். நியாயமான கேள்வி. அந்த இருக்கையில் நான் இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

மூன்றாம் மாடியில் ஒரு புரொபசர். கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். மயிலாப்பூரில் பிறந்து வளர்ந்து, வெளிநாட்டில் இருக்கும் மகள் வற்புறுத்தலால் அடையாறுக்கு வந்தவர். அவருக்கு வானிலை ஒரு வியாதி. தினமும் விடிந்ததும் மொட்டை மாடிக்குப் போய் மேற்கே பார்ப்பார், கிழக்கே பார்ப்பார், கொடியில் போட்ட வேட்டி எவ்வளவு சீக்கிரம் காய்கிறது என்று பார்ப்பார். பிறகு கீழே இறங்கி, தபால் பெட்டிகளுக்குப் பக்கத்தில் இருந்த வெள்ளைப் பலகையில், தண்ணீர் லாரி வரும் நேரத்துக்குக் கீழே, அன்றைய நிலவரத்தை எழுதுவார். கடல்காற்று எப்போது நுழையும், சாயங்காலம் மேகம் திரளுமா, இடி இருக்குமா. தொலைக்காட்சியில் "ஓரிரு இடங்களில்" என்று சொல்லிவிட்டு நழுவுகிற இடத்தில் புரொபசர் நழுவ மாட்டார். "நம்ம தெருவில்" என்றே எழுதுவார். தப்பாகப் போனால் மறுநாள் அதன் கீழேயே "தவறு" என்று எழுதிக் கையெழுத்தும் போடுவார். சர்க்கார் உத்தியோகத்துக்கு அவர் லாயக்கில்லை என்று அப்போதே தெரிந்துகொண்டேன்.

அந்தப் பலகையைக் குடியிருப்புக்காரர்கள் யாரும் பெரிதாகப் படித்ததில்லை. படித்தவர் இஸ்திரி அம்மாதான். எழுத்துக்கூட்டிப் படிப்பார்; பாதி புரியாவிட்டால் நேராக மேலே பார்த்துக் கூப்பிடுவார்.

"சார்! இன்னிக்கு மழ கீதா இல்லியா? ஒரே வார்த்தையா சொல்லு."

"சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல எதிர்பார்க்கலாம்மா. துணியெல்லாம் சீக்கிரமா கட்டிண்டு போயிடு."

"போன தபா இப்டித்தான் சொன்ன. நானும் தார்பாய் போட்டுக்கினு குந்திக்கினு இருந்தேன். காக்கா எச்சம்கூட வுழல."

"அதான் மறுநாளே தப்புன்னு எழுதினேனே!"

"அத்த வெச்சு நான் இன்னா பண்றது? ஒலர்த்தவா?"

ஆனால் அவர் புரொபசர் பேச்சைக் கேட்டு மூட்டை கட்டிய நாட்களில் பெரும்பாலும் மழை பெய்தது. கோடையில் திடீரென்று இறங்குகிற இடிமழையில் தெருவெல்லாம் ஓடும்போது அவருடைய துணிமூட்டைகள் மட்டும் நனைந்ததில்லை. புரொபசரின் வேட்டிகளை அவர் கடைசியாகத்தான் தேய்ப்பார். பெட்டியின் சூடு இறங்கிப் பதமான பிறகு. மற்றவர்களின் சட்டைக்கு அந்த மரியாதை கிடையாது. என்னுடையது உட்பட.

சென்ற ஆண்டு புரொபசர் ஆஸ்திரேலியாவில் மகள் வீட்டில் சில மாதங்கள் இருந்துவிட்டு வந்தார். மற்றவர்கள் அங்கிருந்து சாக்லேட் கொண்டுவருவார்கள். இவர் ஒரு யோசனையைக் கொண்டுவந்தார். அட்டையை அரைவட்டமாக வெட்டி, பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று வர்ணம் பூசி, நடுவில் ஒரு முள் பொருத்தி, வெளிக் கதவில் தெருவைப் பார்க்கும்படி மாட்டினார். மேலே "இன்றைய தீ அபாயம்" என்று எழுதியிருந்தது.

"ஓய், அங்கெல்லாம் ரோட்டோரத்துல ஆளுயரத்துக்கு வெச்சிருக்கான். முள்ளு செவப்புக்குப் போயிடுத்துன்னா ஒருத்தனும் வெளியில அடுப்பு மூட்டப்படாது" என்றார்.

"அங்க காடு இருக்கு, புரொபசர். நம்ம தெருவுல என்ன இருக்கு?"

"பக்கத்து மனையைப் பார்த்தீரோ இல்லியோ? வைக்கப்போர் மாதிரின்னா நின்னுண்டிருக்கு. நீர் எழுதி எழுதி ஒண்ணும் நடக்கலை. இதைப் பார்த்தாவது நாலு பேர் கேக்கட்டுமே."

அதில் தவறு காண எனக்கு வழியில்லை. புல்லை வெட்டவைக்கத்தான் அவர் அந்த முள்ளைப் பொருத்தினார். இதை யாரும் பிறகு நினைவு வைத்துக்கொள்ளவில்லை என்பதால் இங்கே எழுதிவைக்கிறேன்.

இஸ்திரி அம்மா வண்டியை விட்டு வந்து அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"இன்னா சார் இது, கடியாரமா? ஒரு முள்ளுதான் கீது. இன்னொண்ணு எங்க போச்சு?"

"இது நேரம் காட்டாதும்மா. இன்னிக்கு நெருப்பு சட்டுனு பிடிக்குமா பிடிக்காதான்னு காட்டும்."

"புடிக்கற நாளா பாத்து சொல்லு சார். காலீலேர்ந்து விசிறிக்கினே கீறேன், கரி புடிக்க மாட்டேங்குது."

புரொபசர் அன்று சிரித்ததை நான் பார்த்தேன்.

மாசி முழுக்க முள் மஞ்சளில் நின்றது. பங்குனி பாதியில் காற்று மாறியது. சென்னைக்காரனுக்குக் கடல்காற்று தவறினால் ஊரே தவறியது போல. வழக்கமாகச் சாப்பாட்டு வேளைக்கு முன் பெசன்ட் நகர்ப் பக்கமிருந்து ஒரு குளிர்ச்சி வந்து திரைச்சீலையை அசைக்கும். அந்த வாரம் அது வரவில்லை. மேற்கிலிருந்து அடுப்பு வாய் திறந்த மாதிரி காற்று அடித்தது. தூங்குமூஞ்சி மரம் மிச்சமிருந்த இலைகளையும் உதிர்த்தது. காலையில் கூட்டிய தெரு பத்து மணிக்கெல்லாம் சருகால் மூடியது. புரொபசர் ஒரு பிடி சருகை உள்ளங்கையில் வைத்துக் கசக்கிப் பார்த்தார். பொடியாகப் பறந்தது. முள்ளைச் சிவப்புக்குத் தள்ளினார். பலகையில், "தீ அபாயம்: மிக அதிகம். வெளியில் தீ மூட்டக் கூடாது" என்று எழுதினார். அதற்குக் கீழே, "நாலைந்து நாளில் மாலை வேளையில் பலத்த காற்றுடன் இடிமழைக்கு வாய்ப்பு. அதன்பின் அபாயம் நீங்கும்" என்றும் எழுதினார். கீழ்வரி கொஞ்சம் சின்ன எழுத்து. பலகையில் இடமில்லை.

சிவப்பு ஒரு வினோதமான நிறம். அதுவரை அந்த மனையைப் பார்த்தும் பாராமலும் போய்க்கொண்டிருந்தவர்களுக்குத் திடீரென்று தூக்கம் கெட்டது. வாட்ஸாப் குழுவில் எங்கெங்கோ எரிந்த காடுகளின் படங்கள் வந்தன. பயம் வந்துவிட்டால் அதை எங்கேயாவது இறக்கிவைக்க வேண்டும். புல்லின் மேல் வைக்க முடியாது. புல்லுக்கு வழக்கு இருந்தது, வக்கீல் இருந்தார். வாசலில் ஒரு வண்டி, அதன் மேல் ஒரு பெட்டி, அதற்குள் கண்ணுக்குத் தெரிகிற தணல். எல்லோரும் அந்தப் பக்கம் பார்க்கத் தொடங்கினார்கள்.

குடியிருப்போர் சங்கத்தின் செயலாளரை நாங்கள் அண்ணாச்சி என்போம். தெற்கேயிருந்து வந்து தி.நகரில் துணிக்கடை வைத்திருப்பவர். ஒரு கோடையில் தன் கடைக்கு இரண்டு கடை தள்ளித் தீப்பிடித்து, ஒரே மத்தியானத்தில் மூன்று மாடித் துணியும் சாம்பலானதை எதிர்ச்சாரியில் நின்று பார்த்தவர். அதிலிருந்து அவர் வீட்டுப் பூஜையறையில்கூட விளக்கணைந்ததா என்று இரண்டு முறை பார்ப்பார்கள். அவரைக் கெட்டவர் என்று சொல்லி இந்தக் கதையைச் சுலபமாக்கிவிட நான் விரும்பவில்லை. அவர் பயம் நிஜமான பயம்.

முள் சிவப்பில் இருந்த மூன்றாவது நாளோ நான்காவது நாளோ, மத்தியானம், என் மனைவி பால்கனியில் காயப்போட்டிருந்த வடாத்தின் மேல் கறுப்புக் கறுப்பாக ஏதோ விழுந்தது.

"இங்க வாங்களேன், வடாத்துல கரி விழறது" என்றாள். நான் எட்டிப் பார்த்தபோது மனையின் மேற்கு ஓரத்தில் புகை எழுந்து கொண்டிருந்தது. கீழே இறங்குவதற்குள் அது நெருப்பாகிவிட்டது. காய்ந்த புல் எரியும்போது படபடவென்று சத்தம் வரும் என்பது அன்றுதான் எனக்குத் தெரியும்.

எங்களுக்கெல்லாம் முன்னால் உள்ளே இறங்கியிருந்தவர் இஸ்திரி அம்மா. துணிக்குத் தெளிக்க வைத்திருந்த தண்ணீரைக் குடத்தோடு கொட்டினார். அது போதவில்லை என்றதும், மூட்டையில் கைக்கு அகப்பட்ட ஒரு போர்வையைத் தொட்டித் தண்ணீரில் முக்கி எடுத்துக்கொண்டு வந்து நெருப்பை அடித்தார். மற்றவர்கள் தரைத்தொட்டியிலிருந்து வாளி வாளியாகக் கொண்டுவந்து ஊற்றினோம். புரொபசர் தன் வயதுக்கு வாளி தூக்கக் கூடாது, தூக்கினார். தீயணைப்பு வண்டி வந்தபோது அணைப்பதற்கு அதிகம் மிச்சமில்லை. அவர்கள் சாம்பலின் மேல் தண்ணீர் அடித்துவிட்டு, எப்படிப் பிடித்தது என்று கேட்டார்கள். யாரோ இஸ்திரி வண்டியைக் கைகாட்டினார்கள். கேட்டவர் தலையாட்டிக்கொண்டார்.

எப்படிப் பிடித்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மனையின் மேற்கு ஓரத்தில் மின்மாற்றி இருக்கிறது. பலமான காற்றில் அது பொறி தட்டுவதை நான் பார்த்திருக்கிறேன். மாடியிலிருந்து சிகரெட் எறிகிறவர்கள் எங்கள் கட்டடத்திலேயே இருக்கிறார்கள். அந்த அம்மா சாம்பலைப் பழைய பெயின்ட் டப்பாவில் போட்டுத் தண்ணீர் ஊற்றிவைப்பார். ஆனால் டப்பா நிறைந்துவிட்ட நாட்களில் மனைப் பக்கம் கொட்டியதும் உண்டு. கேட்டபோது அவரே ஒப்புக்கொண்டார்: "என்னிக்காவுது கொட்டுவேன், இல்லன்னு சொல்லல. இன்னிக்கு கொட்டல." அதில் முதல் பாதியை மட்டும் எல்லோரும் காதில் வாங்கிக்கொண்டார்கள்.

போதாததற்கு, அவர் நெருப்பை அடித்த போர்வை அண்ணாச்சி வீட்டுப் போர்வை.

அன்று மாலையே கார் நிறுத்துமிடத்தில் கூட்டம். பிளாஸ்டிக் நாற்காலிகள், புகை வாசனை. வண்டியை அகற்ற வேண்டும் என்று அண்ணாச்சி ஆரம்பித்தார். நான் எழுந்து, மேலே முதல் பத்தியில் எழுதியிருக்கிறேனே, அந்தச் சட்டத்தைச் சொன்னேன். சான்று இருக்கிறது, இடம் குறிக்கப்பட்டிருக்கிறது, முப்பது நாள் அறிவிப்பு வேண்டும், அதைக் கொடுக்கும் அதிகாரம் சங்கத்துக்குக் கிடையாது.

அண்ணாச்சி பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "நீங்க ரூலு பேசுதீய, ஸார். வேண்டாங்கல. தீ என்ன நோட்டீஸ் குடுத்துட்டா வந்துச்சு?"

எல்லோரும் சிரித்தார்கள். கூட்டத்தில் ஒருவர் சிரிக்கவைத்துவிட்டால் மற்றவரின் வாதம் முடிந்தது. இது எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லாத நடைமுறை.

பிறகு அவர் புரொபசர் பக்கம் திரும்பினார். "புரொபசர் ஸாரே, நீங்க படிச்சவிய. நீங்களே சொல்லுங்க. செவப்பு போட்டது யாரு?"

"நான்தான்."

"செவப்புன்னா வெளிய தீ மூட்டக் கூடாதுன்னு எழுதுனது?"

"நான்தான். ஆனா அதுக்கு அர்த்தம்..."

"கரிப்பொட்டி தீயா, இல்லையா?"

புரொபசர் யோசித்தார். இந்த இடத்தில் ஒரு சாதாரண மனிதன் பொய் சொல்லியிருப்பான், அல்லது கோபித்துக்கொண்டு எழுந்து போயிருப்பான். வாழ்நாள் முழுவதும் மாணவர்களுக்குச் சரியான விடை சொல்லியே பழகிய மனிதர், "தீதான்" என்றார். அதற்குப் பிறகு நிகழ்தகவு பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்தார். நாற்காலிகளை மடக்கும் சத்தத்தில் கேட்கவில்லை.

மழை வந்து மிச்சமிருக்கும் புல் நனையும்வரை வண்டியை வேறெங்காவது வைத்துக்கொள்ளும்படி அந்த அம்மாவிடம் நல்லபடியாகக் கேட்டுக்கொள்வது என்று தீர்மானம். "நல்லபடியாக" என்ற சொல்லைச் சேர்க்கச் சொன்னது நான். சேர்த்தார்கள்.

மறுநாள் காலை, யாரும் நல்லபடியாகக் கேட்பதற்கு முன்னால், மாநகராட்சி லாரி வந்துவிட்டது. யார் போன் செய்தார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. என் அனுபவத்தில், யாருக்கும் தெரியாத போன்களுக்குத்தான் உடனே லாரி வரும். நான் செய்தித்தாளைப் போட்டுவிட்டுக் கீழே ஓடுவதற்குள் வண்டியின் இரண்டு சக்கரம் மேலே ஏறிவிட்டது. மூட்டைகள் தரையில் கிடந்தன. அம்மா ஒரு கையால் வண்டிக் கட்டையைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் சான்றை வைத்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தார்.

"கவர்மெண்ட்டு குட்த்த கார்டுய்யா இது! கண்ணு தெரில? நீங்கதானய்யா குட்த்தீங்க!"

நான் போய், எடுத்த பொருளுக்குப் பட்டியல் தரவேண்டும் என்றேன். மேற்பார்க்க வந்தவர் இளைஞர், மரியாதையானவர். "சார், ஒரே ஒரு வண்டி. இதுக்கு இன்னா சார் லிஸ்டு?" என்றார். இஸ்திரிப் பெட்டியும் அதோடு ஏறியது. தணல் இன்னும் உள்ளே இருந்தது. லாரியில் புகைந்துகொண்டே போனது. அதைத் தீ அபாயம் என்று யாரும் சொல்லவில்லை.

அப்போது புரொபசர் கதவருகே வந்து நின்றார். தேய்க்கப் போட வேண்டிய வேட்டிகள் கையில் இருந்தன. காலையில் வழக்கம்போல் கொண்டுவந்திருக்கிறார், விஷயம் தெரியாது. அம்மா கத்துவதை நிறுத்தினார். கதவில் மாட்டியிருந்த அட்டையைப் பார்த்தார், அவரைப் பார்த்தார்.

"உன் முள்ளு நல்லா வேல செய்து சார்" என்றார். அவ்வளவுதான். மூட்டைகளைச் சேர்த்துக் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு வீட்டுத் துணியையும் தேய்க்காமலே அந்தந்த வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போனார். ஒரு துணிகூடக் குறையவில்லை. அண்ணாச்சியின் போர்வையைத் தவிர.

அன்று மாலை மழை வந்தது.

நான்கு மணிக்கு மேற்கே கறுத்தது. முதலில் புழுதிக் காற்று. பிறகு எங்கள் மாடிக்கு நேர் மேலே வானத்தை யாரோ கிழித்த மாதிரி இடி. கட்டடமே ஒரு முறை அதிர்ந்தது. ஒரு மணி நேரத்தில் மனையில் சாம்பலும் புல்லும் தண்ணீரில் மிதந்தன. மழை வரும்வரை என்று தீர்மானித்திருந்தார்களே, அந்தத் தீர்மானத்தின் ஆயுள் ஒரு பகல். முள்ளைப் பச்சைக்குத் தள்ளியிருக்கலாம். அம்மாவைக் கூப்பிட்டிருக்கலாம். நானும் புரொபசரும் படிக்கட்டு ஜன்னலில் நின்று அதைத்தான் பேசிக்கொண்டிருந்தோம்.

அப்போதுதான் தூங்குமூஞ்சி மரத்தின் பெரிய கிளை முறிந்தது. சத்தம் இடியா கிளையா என்று முதலில் தெரியவில்லை. மழை விட்டதும் போய்ப் பார்த்தோம். இஸ்திரி வண்டி எந்த இடத்தில் நிற்குமோ அந்த இடத்தில், தார்பாய் கட்டுகிற கம்பியை வளைத்துக்கொண்டு கிளை கிடந்தது.

அண்ணாச்சி வந்து பார்த்தார். இரண்டு கையையும் கூப்பினார். "காலையில வண்டி போகலன்னா அந்தப் பொம்பளை உசுரு போயிருக்கும். ஆண்டவன் எப்படிக் காப்பாத்தியிருக்கான் பாத்தியளா?" என்றார். அதில் நடிப்பு இல்லை. அடுத்த நாளைக்குள் வாட்ஸாப் குழுவில் அது உறுதியாகிவிட்டது: சங்கம் ஒரு பெண்ணின் உயிரைக் காப்பாற்றியது. கிளையின் படம் போட்டுக் கைகூப்பும் பொம்மைகள் போட்டார்கள்.

புரொபசர் இடிமழை வரும் என்றுதான் எழுதியிருந்தார். அதை அந்த அம்மா படித்திருப்பார். மூன்று மணிக்கே மூட்டை கட்டியிருப்பார். கடை கட்டும்போது தினமும் செய்வதுபோல வண்டியைத் தெருமுனைக்குத் தள்ளியிருப்பார். இதெல்லாம் "இருப்பார்". கிளையோ கண்ணுக்கு முன்னால் கிடந்தது.

அட்டையைப் புரொபசர் அன்று ராத்திரியே கழற்றிவிட்டார். பலகையிலும் தண்ணீர் லாரி நேரத்தைத் தவிர வேறெதுவும் எழுதுவதில்லை. "நான் ஒரு அட்டையைத் தொங்கவிட்டேன், ஓய். அவா ஒரு மனுஷியைத் தூக்கிட்டா" என்று ஒரு தடவை சொன்னார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுத்தால் வேறு விஷயம் பேசுவார். புதிதாக ஒருவர் மின்சாரப் பெட்டியோடு வீடு வீடாக வந்து துணி வாங்கிப்போகிறார். புரொபசர் மட்டும் கொடுப்பதில்லை. சுருங்கிய வேட்டியோடு நடைப்பயிற்சிக்குப் போகிறார். மகள் வீடியோவில் பார்த்துவிட்டுத் திட்டுகிறாள்.

எனக்குத் தெரிந்த ஒரே காரியத்தை நான் செய்தேன். மனு எழுதினேன். சான்றின் நகல், அகற்றப்பட்ட விவரம், மீறப்பட்ட பிரிவு, வேண்டும் பரிகாரம்: அதே இடத்தில் மீண்டும் தொழில் செய்ய அனுமதி. சம்பவத்தைப் பார்த்தவர் என்று புரொபசர் கையெழுத்திட்டார். அம்மாவைத் தேடிப் போய்க் கையெழுத்து வாங்கினேன். படித்துக் காட்டியபோது, "இம்மாம் பெருசா எழுதினா எவன் சார் படிப்பான்?" என்று கேட்டார். ஒப்புகைச் சீட்டு வாங்கினேன். நினைவூட்டல் அனுப்பினேன். அதற்கு அடுத்த நினைவூட்டலில் முந்தைய நினைவூட்டலைச் சுட்டினேன். எந்த மேசையில் எவ்வளவு காலம் தூங்கும் என்று எனக்குத் தெரியும்; அந்தந்த மேசைக்கு அந்தந்த நேரத்தில் போய் எழுப்பினேன். என் காலத்தில் என்னை இப்படி எழுப்ப வந்தவர்களை நான் எப்படி வெறுத்தேன் என்பது ஞாபகம் வந்தது. கோபப்படாமல் காத்திருந்தேன்.

மாநகராட்சிக் கிடங்கிலிருந்து வண்டியை எடுத்துப்போகச் சொன்னார்கள்; ஒரு சக்கரம் இல்லை. அதை அந்த அம்மா எடுத்துப்போகவில்லை.

ஆவணியில் ஒருநாள், என் கண் பரிசோதனைக்காக ராயப்பேட்டை ஆஸ்பத்திரிப் பக்கம் போனவன், பின்தெருவில் ஒரு லாண்டரியைக் கடக்கும்போது, "சார்!" என்று குரல் கேட்டது. கடையின் பின்பகுதியில், ஆறேழு மேசைகளுக்கு நடுவே அவர் நின்றுகொண்டிருந்தார். மாதச் சம்பளத்துக்குச் சேர்ந்திருக்கிறார்.

"கரண்டு பொட்டி சார். கரி இல்ல, சாம்பலு இல்ல. உங்க அண்ணாச்சிகிட்ட சொல்லு, இப்ப நெருப்பே இல்லாம தேச்சிக்கினு கீறேன்."

"உடம்பு எப்படி இருக்கு?"

"ஒடம்புக்கு இன்னா? காலு வலிக்கும். வெளிய வெயிலா மழயான்னு மட்டும் தெரியாது. ஜன்னலு கெடயாது. வூட்டுக்குப் போவசொல்ல தெரு ஈரமா இருந்தா, ஓ, மழ பேஞ்சிகீது போலன்னு நெனச்சிக்குவேன்." ஒரு சட்டையை விரித்துப் போட்டபடி, "புரொபசரு நல்லா கீறாரா?" என்று கேட்டார்.

"இருக்கார்."

"அன்னிக்கு வாயில வந்துச்சு, சொல்ட்டேன். அந்தாளு இன்னா பண்ணுவாரு, பாவம். அத்த சொல்லு."

நான் மனுவைப் பற்றிச் சொன்னேன். வட்ட அலுவலகத்தைத் தாண்டிவிட்டது, இனிக் கள ஆய்வு மட்டும்தான் பாக்கி, அதிகாரி வந்து இடத்தைப் பார்த்து அறிக்கை கொடுத்தால் முடிந்தது என்றேன். அவர் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீங்க இன்னும் எழுதிக்கினா கீறீங்க?"

"ஆய்வுக்கு வரும்போது நீங்க அந்த இடத்துல வண்டியோட இருந்தா நல்லது."

"என்னிக்கு வருவாங்க?"

"முன்கூட்டிச் சொல்ல மாட்டாங்க. திடீர் ஆய்வு. அதுதான் விதி."

"அப்போ தெனம் வந்து நிக்கணுமா? ஒரு நாள் வரலன்னா இவன் வேற ஆளு போட்டுருவான் சார்." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். "வண்டியும் இல்ல. கைய கட்டிக்கினு மரத்தாண்ட நிக்கட்டா?"

உள்ளேயிருந்து யாரோ அதட்டினார்கள். அவர் பெட்டியை எடுத்துக்கொண்டார். திடீர் ஆய்வு என்பது தவறு செய்கிறவர்களைப் பிடிக்க ஏற்பட்ட விதி. பாதிக்கப்பட்டவருக்கு அதை விலக்கலாம் என்று ஓர் உட்பிரிவு இருந்திருக்க வேண்டும். தேடிப் பார்த்தேன். இல்லை. ஆய்வுத் தேதியை முன்னதாகத் தெரிவிக்கும்படி வேண்டி இன்னொரு மனு போட்டேன். புரொபசரிடம் அம்மா சொன்னதையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டு, மழைக்காலம் இந்த வருஷம் முன்னாடியே வரும் போலிருக்கிறது என்றார்.

பிறகொரு நாள் பதில் வந்தது. பழுப்பு உறை. அரைப் பக்கம்தான், பிழையில்லாத தமிழ். பார்வையில் கண்ட மனுவின் மீது கள ஆய்வு செய்யப்பட்டது. மனுதாரர் குறிப்பிடும் இடத்தில் இஸ்திரி வண்டி ஏதும் இல்லை. மனுதாரர் அவ்விடத்தில் தொழில் செய்துவருவதாகவும் தெரியவரவில்லை. ஆகவே அகற்றப்பட்டதாகக் கூறப்படும் புகாருக்கு முகாந்திரம் இல்லை என முடிவு செய்து மனு முடித்துவைக்கப்படுகிறது.

ஒரு வரியில்கூடப் பொய் இல்லை. நான் வரைந்திருந்தாலும் இப்படித்தான் வரைந்திருப்பேன். மேல்முறையீடு செய்ய வழியுண்டு. அதற்கு அவர் நேரில் வந்து கையெழுத்திட வேண்டும். வேலை நாளில், அலுவலக நேரத்தில். கடிதத்தை மேசை மேல் வைத்தேன். ராயப்பேட்டைக்குப் போய் இதை எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே, முப்பது வருஷப் பழக்கத்தில், பென்சிலை எடுத்து இடது மூலையில் எழுதினேன்: வரப்பெற்ற நாள், ஐப்பசி ஒன்று.